சோத்தைக் குறைச்சு கறியைக் கூட்டுங்கோ: கொழும்பில சத்தாச் சாப்பிடுறது பற்றி அடிக்கடி கேக்கிற கேள்வியள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ஒபிஸில கூட வேலை செய்யிறவை எல்லாரும் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்வியள் இதுகள். ஒரே இடத்தில எழுதிப்போட்டா லிங்கை அனுப்பிவிடலாம், அதுக்காகத்தான். வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவை கடைசிக் கேள்வியைக் கட்டாயம் வாசியுங்கோ.

நிறைவான சாப்பாடு எண்டா என்ன, சுருக்கமாச் சொல்லுங்கோவன்?

கோப்பையைப் பாருங்கோ. அரைவாசி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறோ புட்டோ இடியப்பமோ, மிச்சக் கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கடலை மாதிரி ஏதாவது. பிறகு ஒரு பழம். இவ்வளவுதான். மரக்கறியும் பழமும் சேத்து நாளுக்கு 400 கிராமாவது வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது பெரிய கணக்கில்லை, ரெண்டு நேரம் கறியை அள்ளிப் போட்டு ஒரு கொய்யாப்பழமும் சாப்பிட்டா வந்திடும், ஆனா நாங்கள் அள்ளிப் போடுறது சோத்தை.

நாங்கள் காலங்காலமா சோறும் கறியும் தானே சாப்பிடுறம், அதில என்ன பிழை?

சோறு கறியில ஒரு பிழையும் இல்லை. பருப்பு, ஒரு இலை வறை, ஒரு பால்கறி, ஒரு குழம்பு, சம்பல், கொஞ்ச மீன் எண்டு இப்பிடி அஞ்சாறு விதமா ஒரு நேரத்துக்குச் சாப்பிடுற பழக்கம் எத்தினை ஊரில இருக்கு? பிழை அளவிலதான். சோத்தை மலையாக் குவிச்சு, அதில பருப்பு ரெண்டு கரண்டி, வறை ஒரு நுள்ளு, மீன் ஒரு துண்டு. அதைத் திருப்பிப் போடுங்கோ. பருப்பு ஒரு கிண்ணம், வறை ஒரு கை நிறைய, சோறு ஒரு கப் அளவு. சமையலை மாத்தத் தேவையில்லை, அம்மம்மாவின்ர கறியளே காணும், அள்ளிற கரண்டியை மட்டும் மாத்தினாச் சரி.

இன்னொண்டும் இருக்கு. உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில போடுறது. சோத்துக்கு மேல உருளைக்கிழங்கும், பக்கத்தில அப்பளமும், பிறகு "மரக்கறி சாப்பிட்டன்" எண்டு சொன்னா அது கோப்பை முழுக்க மாச்சத்து. மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, ஈரப்பலா, பலாக்காய் எல்லாம் நல்ல சாமான்தான், ஆனா அதுகளைச் சோத்துக்குப் பதிலாச் சாப்பிடோணும், சோத்தோட சேத்து இல்லை. காலமை அவிச்ச மரவள்ளியும் கட்டைச் சம்பலும் எண்டா அதோட ஒரு முட்டையையும் சேருங்கோ, பாணும் மாஜரினும் சாப்பிடுறதை விட எவ்வளவோ நல்லம்.

சிவப்பரிசி எண்டா எவ்வளவும் சாப்பிடலாம் தானே?

இல்லை. சிவப்போ வெள்ளையோ, சமைச்ச சோறு 100 கிராமில கிட்டத்தட்ட 130 கலோரிக்குக் கிட்ட இருக்கும், தண்ணி கூடக் குறைய விட்டதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். வித்தியாசம் தவிட்டில. தவிட்டிலதான் நார்ச்சத்து, பி விற்றமின்கள், மக்னீசியம் எல்லாம் இருக்கு, மெசினில நல்லாத் தீட்டத் தீட்ட அதெல்லாம் மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாப் போகுது. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஜாவாவில இருந்த ஐக்மன் எண்ட டச்சு டொக்டர், தீட்டின வெள்ளை அரிசி திண்ட கோழியளுக்கு நரம்பு வருத்தம் வாறதையும் தவிட்டோட குடுத்தா மாறுறதையும் பாத்துத்தான் இந்தக் கதையே வெளிச்சத்துக்கு வந்தது, அதுக்கு 1929இல நோபல் பரிசும் குடுத்தாங்கள். அந்த வருத்தம்தான் பெரிபெரி, பி1 விற்றமின் இல்லாமல் வாறது.

வாங்கேக்க நிறத்தை மட்டும் பாக்காதேங்கோ. சிவப்பரிசியையும் நல்லாத் தீட்டி, வெளிறின ரோஸ் நிறத்தில பக்கெட் போட்டு விக்கிறாங்கள், அதில பேர் மட்டும்தான் சிவப்பு. மணி முழுக்க ஒரே கடும் சிவப்பா, கொஞ்சம் சொரசொரப்பா இருந்தாத் தவிடு இருக்கு. வெள்ளைதான் வேணும் எண்டு வீட்டில அடம்பிடிச்சா புழுங்கல் அரிசி எடுங்கோ, நெல்லோட புழுக்கேக்க தவிட்டில இருக்கிற பி விற்றமினில ஒரு பங்கு உள்ளுக்க இறங்கிடும், பிறகு தீட்டினாலும் முழுசாப் போகாது. கீரிச் சம்பா எனக்கும் விருப்பம்தான், விருந்துக்கு வைச்சுக்கொள்ளுவம்.

கீனோவா, சியா, அவகாடோ ரோஸ்ட் எல்லாம் வாங்கோணுமோ?

காசு கனக்க இருந்தா வாங்குங்கோ. இல்லாட்டி குரக்கன், கௌபி, பயறு, எள்ளு, கச்சான். வேலை ஒண்டுதான், விலை பாதிக்கும் குறைவு.

நாங்கள் சைவம், புரதத்துக்கு எங்க போறது?

இந்தக் கேள்விதான் கூட வாறது, அதால கொஞ்சம் நீட்டியே சொல்லுறன். சுகமா இருக்கிற வளந்த ஆளுக்கு உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் எண்டுறதுதான் வழமையான கணக்கு, அப்ப 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். வயசுபோனவைக்கும், பாரம் தூக்கி உடற்பயிற்சி செய்யிறவைக்கும், பிள்ளைத்தாய்ச்சியளுக்கும் இன்னும் கூட வேணும்.

இப்ப கூட்டிப் பாப்பம். காலமை அவிச்ச கடலை ஒரு கப், அதில 14 கிராம் மட்டில வரும். மத்தியானம் தடிப்பா வைச்ச பருப்பு ஒரு கப் எண்டா 18, நாள் முழுக்கச் சாப்பிடுற சோறு ரெண்டு கப்பில 8. பின்னேரம் தயிர் ஒரு கப், அது 7, 8. அங்கயே 48 வந்திட்டுது, சோயா மீற்றைத் தொடக்கூட இல்லை. பிரச்சினை என்னெண்டா எங்கட வீடுகளில பருப்பு எண்டு வைக்கிறது மஞ்சள் தண்ணி, அதில பருப்பைத் தேடிப் பிடிக்கோணும். தடிப்பா வையுங்கோ, அளவாப் போடுங்கோ.

சோயா மீற் நல்ல மலிவுப் புரதம். பக்கெட்டுக்குப் பின்னால பாத்து 100 கிராமில 40 கிராமுக்கு மேல புரதம் இருக்கிறதை எடுங்கோ, உள்ளுக்க வாற அந்தச் சின்ன மசாலாப் பக்கெட்டைப் போடாமல் உங்கட மிளகாய்த்தூளில சமையுங்கோ, உப்பு முழுக்க அதுக்குள்ளதான்.

சைவக்காரர் புரதத்தை விட யோசிக்க வேண்டியது பி12. அது மரக்கறியிலயும் கீரையிலயும் இல்லை, மிருகத்தில இருந்து வாற சாப்பாட்டிலதான் இருக்கு. பால், தயிர், மோர், சீஸ் எண்டு ஒவ்வொரு நாளும் எடுத்தாக் கொஞ்சம் கிடைக்கும், முட்டை சாப்பிடுவீங்கள் எண்டா இன்னும் நல்லம். பாலும் வேண்டாம் எண்டு விட்டவை குளிசையோ, பி12 சேத்த சாப்பாடோ எடுக்கத்தான் வேணும், வேற வழி இல்லை. சுகருக்கு மெற்ஃபோமின் கனகாலமாப் போடுறவைக்கும் பி12 குறையலாம், கால் விறைப்பு எண்டா "வயசு போனா அப்பிடித்தான்" எண்டு விடாமல் ரத்தம் சோதிக்கலாமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ.

எந்த மீன் வாங்கிறது? அறக்குளாதானே நல்லது?

அறக்குளா ருசி, சத்து எண்டு பாத்தா சாளை, சூடை, கும்பளா மாதிரிச் சின்ன மீன் ஒண்டும் குறைவில்லை, ஒமேகா 3 கொழுப்பில அதுகள் முன்னுக்குத்தான் நிக்கும், விலையும் அறக்குளாவின்ர விலையில ஒரு பங்குதான். முள்ளோட மெல்லிச் சாப்பிடக்கூடிய நெத்தலி எண்டா கல்சியமும் கிடைக்கும். நெத்தலிக் கருவாடு எண்டா சுடுதண்ணியில ஊறவிட்டு ரெண்டு தரம் கழுவுங்கோ, உப்பு கொஞ்சம் போகும்.

ஒரு எச்சரிக்கை. சூரை, கெலவல்லா, கும்பளா வகையளை வெயிலில ஐஸ் இல்லாமல் வைச்சிருந்தா அதில ஹிஸ்டமின் எண்ட சாமான் கூடும், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் போகாது, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து, உடம்பு கடிச்சு, தலையிடி வரும். கன பேர் அதை "மீன் அலர்ஜி" எண்டு நினைச்சு மீனையே விட்டிடுறாங்கள். ஐஸில கிடக்கிறதை வாங்குங்கோ, மத்தியானம் பன்ரண்டு மணிக்கு றோட்டோரம் பலகையில காயிறதை விடுங்கோ. வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில வைச்சுக் கதை கதைக்காமல் உடன வெட்டி ஃபிரிட்ஜில போடுங்கோ.

கீரை எது நல்லது, எப்பிடிச் சமைக்கிறது?

எல்லாம் நல்லது, மாத்தி மாத்திச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு இதுதான் பெரிய அதிர்ஷ்டம் எண்டு எனக்குப் படுது. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கை இலை, அகத்தி, சாரணை எண்டு ஒரு கட்டு சில்லறைக் காசுக்கு வருது. வெள்ளவத்தை மார்க்கெட்டில காலமையே போனா வாடாமல் எடுக்கலாம், நுகேகொடைப் பக்கம் எண்டா டெல்கந்த பொல (சந்தை) இருக்கு. கடைசியா விக்கிற நேரம் ரெண்டு கட்டு ஒண்டின்ர விலைக்குத் தருவினம், அதை அண்டைக்கே சமைக்கிறதெண்டா வாங்கலாம்.

வல்லாரையைச் சமைக்காமல் சம்பல் போட்டு, கடைசியில தேசிக்காய் விடுங்கோ. விற்றமின் சி சூட்டில அழியும், தேசிக்காய்ப் புளி கீரையில இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க உதவும், ரெண்டு வேலையும் ஒரே கையில முடியுது. முருங்கை இலையை வறை வையுங்கோ, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு அஞ்சு நிமிசத்தில இறக்கிப்போடோணும். கறுக்க விட்டா சத்தும் போச்சு ருசியும் போச்சு. தேங்காய்ப்பூ வீண் இல்லை, கீரை, கரட், பூசணி, பப்பாசி இதுகளில இருக்கிற விற்றமின் ஏ சத்தை எடுக்க உடம்புக்குக் கொஞ்சக் கொழுப்பு வேணும்.

பச்சையாச் சாப்பிடுறதெண்டா கழுவுறதில கஞ்சத்தனம் காட்டாதேங்கோ. ஓடுற தண்ணியில இலை இலையாப் பிரிச்சு, மூண்டு நாலு தரம். கங்குனை மட்டும் நான் பச்சையாத் தொடமாட்டன். அது தண்ணியில வளர்றது, எந்தக் கான் தண்ணி எண்டு ஆருக்குத் தெரியும், தெரிஞ்ச ஆளிட்ட வாங்கி நல்லாச் சமைச்சுச் சாப்பிடுங்கோ.

காலமையில இலைக்கஞ்சி விக்கிறதைக் கண்டா விடாதேங்கோ. சிவப்பரிசி, இலைச்சாறு, கொஞ்சம் தேங்காய்ப்பால், அவ்வளவுதான் உள்ளுக்க. கருப்பட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிக்கிற வழக்கம் இருக்கு, சின்னத் துண்டாக் கடியுங்கோ.

சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிக்கிறது கூடாதாமே?

உண்மைதான். தேயிலையில இருக்கிற டனின் மாதிரிச் சாமானுகள் கீரை, பருப்பு, தானியத்தில இருக்கிற இரும்பைப் பிடிச்சு உடம்புக்குப் போகவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கோ. மாதவிடாய் வாற வயசுப் பொம்பிளையள், கர்ப்பிணியள், வளர்ற பிள்ளையள் இதைக் கட்டாயம் கவனிக்கோணும், ரத்தம் குறைவு எண்டு இரும்புக் குளிசை குடுத்தா அதையும் தேத்தண்ணியோட விழுங்கிறவையைக் கண்டிருக்கிறன்.

தேங்காய்ப்பால் கொலஸ்ரோல் எண்டுறாங்கள், விடத்தான் வேணுமோ?

தேங்காயில கொலஸ்ரோல் இல்லை, கொலஸ்ரோல் எண்டது மிருக உணவில இருக்கிறது. ஆனா தேங்காய் எண்ணெயில நூற்றுக்கு 80க்கு மேல நிரம்பிய கொழுப்பு, அது ரத்தத்தில கெட்ட கொலஸ்ரோலைக் கூட்டும், இதை "எங்கட பாட்டன்மார் சாப்பிட்டவை தானே" எண்டு மறுக்க ஏலாது. பாட்டன் வயலுக்கு நடந்தவர், நாங்கள் லிஃப்ட்டில ஏறி இறங்கிறம். நாளுக்கு ஒரு கறியை மட்டும் பால்கறியா வையுங்கோ, அதையும் கப்பிப்பாலில வேகவிட்டு முதற்பாலைக் கடைசியில கொஞ்சமா விடுங்கோ. சம்பலுக்கும் வறைக்கும் போடுற தேங்காய்ப்பூவில நார்ச்சத்தாவது இருக்கு. பொரிச்ச எண்ணெயைப் போத்தலில ஊத்தி வைச்சு மூண்டாம் நாளும் பொரிக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ, அதுக்குப் பிறகு தேங்காயைப் பற்றிக் கதைப்பம்.

சீனிக்குப் பதிலாக் கருப்பட்டி, கித்துள் பாணி போட்டா நல்லம் தானே?

கொஞ்சம் தாதுச்சத்து கூட, மிச்சம் எல்லாம் சீனிதான். சுகர் உள்ளவை "இது பனங்கருப்பட்டி, ஒண்டும் செய்யாது" எண்டு ஏமாறக்கூடாது.

எங்கட சீனி முழுக்க ரீக்குள்ள ஒளிச்சிருக்கு. ஒரு கப்புக்கு மூண்டு தேக்கரண்டி, நாளுக்கு நாலு கப் எண்டா பன்ரண்டு தேக்கரண்டி, 48 கிராமுக்குக் கிட்ட. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லம் எண்டுது. கிழமைக்கு அரைக்கரண்டி எண்டு குறைச்சுக்கொண்டு வந்தா நாக்குக்கு வித்தியாசமே தெரியாது.

சோடாப் போத்தலில 2016இல இருந்து நிறம் போட்டிருக்கிறாங்கள், 100 மில்லியில 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு, 2இல இருந்து 11 வரைக்கும் மஞ்சள், 2க்குக் கீழ பச்சை. மஞ்சள் எண்டதும் கன பேர் "அப்ப பரவாயில்லை" எண்டு வாங்கிறாங்கள். கணக்கைப் பாருங்கோ, 100 மில்லியில 8 கிராம் உள்ள மஞ்சள் போத்தல் 400 மில்லி குடிச்சா 32 கிராம், எட்டுத் தேக்கரண்டி சீனி. வெயிலுக்கு ஒரு செவ்விளநீர், இல்லாட்டி உப்புப் போட்ட மோர்.

அனெக்ஸில தனிய இருக்கிறன், சமைக்க வசதி இல்லை, கடைச்சாப்பாடுதான். என்ன செய்யிறது?

கொழும்புக்கு வேலைக்கு வந்த பொடியள் பெட்டையள் பாதிப்பேர் இந்த நிலைமைதான். காலமை ரோல்ஸ், மத்தியானம் சோத்துப் பார்சல், இரவு கொத்து. மூண்டு நேரமும் மாச்சத்தும் எண்ணெயும்.

மத்தியானப் பார்சல் வாங்கேக்க "சோறு பாதி போடுங்கோ, மரக்கறி கூடப் போடுங்கோ" எண்டு சொல்லிப் பாருங்கோ, தெரிஞ்ச கடை எண்டா செய்வினம், கொஞ்சம் காசு கூடக் கேட்டாலும் குடுக்கலாம். சொல்ல வெக்கம் எண்டா பார்சலை ரெண்டு பேர் பிரிச்சு, ஆளுக்கு ஒரு அவிச்ச முட்டை சேருங்கோ. வெள்ளவத்தை சைவக்கடையளில இட்லியும் சாம்பாரும் நல்ல காலமைச் சாப்பாடு, சாம்பாரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கோ. வடையை ஒண்டோட நிப்பாட்டுங்கோ. பத்தரமுல்லைப் பக்கம் போனா விவசாயத் திணைக்களத்தின்ர ஹெல போஜுன் எண்ட சாப்பாட்டுக்கடை இருக்கு, குரக்கன் ரொட்டி, உள்ளூர்ச் சாப்பாடுகள் பொம்பிளையளே நிண்டு சமைச்சு விக்கிறவை, சும்மா ஒருக்காப் போய்ப் பாருங்கோ.

அறையில ஒரு ரைஸ் குக்கரும் கேத்திலும் இருந்தா உங்களுக்கு முக்கால்வாசிச் சமையல் ஏலும். இரவு கடலையோ கௌபியோ ஊறப்போட்டுட்டுப் படுங்கோ, காலமை குக்கரில அவியும், தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் கிளறினாச் சாப்பாடு. அதே குக்கரில அரிசியோட பருப்பு, கரட், போஞ்சி, முருங்கை இலை எல்லாம் ஒண்டாப் போட்டு வேகவிடலாம், பாக்க வடிவில்லை, வயிறு கேள்வி கேக்காது. முட்டையை அந்தச் சோத்துக்கு மேலயே கழுவி வைச்சா அதுவும் அவிஞ்சிடும். ரின் மீன் ஒண்டு அலுமாரியில இருக்கட்டும், உப்புத் தண்ணியை வடிச்சு வெங்காயம் தேசிக்காயோட பிசைஞ்சா ரெண்டு நேரத்துக்குக் காணும். கச்சான், வாழைப்பழம், கொய்யாப்பழம் எண்டு பையில இருந்தா நாலு மணிக்குப் பற்றிஸ் கடைப்பக்கம் கால் போகாது.

பிள்ளை மரக்கறியே தொடமாட்டன் எண்டுது!

பசியோட வரட்டும், பிறகு பாப்பம். சாப்பாட்டுக்கு முதல் பிஸ்கட்டும் பால்மாத் தேத்தண்ணியும் குடுத்துட்டு "சாப்பிடுதில்லை" எண்டு அழுதா என்ன செய்யிறது. கரட்டைத் துருவிப் புட்டோட அவியுங்கோ, கீரையைத் தோசை மாவில போடுங்கோ, பூசணியைப் பருப்புக்குள்ள கரையுங்கோ. ஒரு கறியை ஒருக்காத் துப்பினா விட்டிடாதேங்கோ, பத்துத் தரத்துக்கு மேல வைச்சுத்தான் சில பிள்ளையள் பழகும். அப்பா கோப்பையில கத்தரிக்காயை ஓரமா ஒதுக்கினா பிள்ளையும் ஒதுக்கும், அதையும் பாருங்கோ.

பால்மா விலைக்கு வாங்கேலாமல் கிடக்கு, கல்சியத்துக்கு என்ன செய்யிறது?

2022இல பால்மாவுக்கு லைனில நிண்ட எல்லாரும் கேட்ட கேள்வி. குரக்கன் மா 100 கிராமில 350 மில்லிகிராம் மட்டில கல்சியம், மாட்டுப்பால் 100 மில்லியில 120 மட்டில. அதுக்காகக் குரக்கன் பாலை விட மூண்டு மடங்கு எண்டு போஸ்ட் போடாதேங்கோ, குரக்கனில இருக்கிற ஃபைற்றேற் எண்ட சாமான் அந்தக் கல்சியத்தில ஒரு பங்கை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும், முளைக்கவிட்டோ புளிக்கவிட்டோ செய்தா அது குறையும். தோலோட உள்ள எள்ளு ஒரு மேசைக்கரண்டியில 80 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அதால எள்ளுருண்டை பிஸ்கட்டை விட எவ்வளவோ மேல். நெத்தலி, முருங்கை இலை, தயிர் இதுகளும் இருக்கு. கிளினிக்கில தாய்மாருக்கும் நிறை குறைஞ்ச பிள்ளையளுக்கும் குடுக்கிற திரிபோஷ எண்ட சத்துமா அவைக்குத்தான், வீட்டில எல்லாரும் பங்குபோட்டுத் திண்டா அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் மிஞ்சாது.

பிங்க் உப்புக்கு மாறட்டோ?

வேண்டாம். இங்க 1995இல இருந்து உப்புக்கு அயடின் சேக்கிறது சட்டம், அந்தச் சாதாரண உப்புத்தான் நல்லம். எந்த நிறமா இருந்தாலும் நாளுக்கு 5 கிராமுக்குள்ள, அது ஒரு தேக்கரண்டி, அதுக்குள்ள ஊறுகாய், கருவாடு, மிக்சர், நூடில்ஸ் எல்லாம் அடங்கோணும்.

அம்மாவுக்குச் சுகர், பழம் குடுக்கலாமோ?

முழுப் பழமாக் குடுக்கலாம், யூஸ் வேண்டாம். கொய்யாப்பழம், பப்பாசித் துண்டு, சின்ன வாழைப்பழம் ஒண்டு, சாப்பாட்டோட அளவாப் பிரிச்சு. கொய்யாவில விற்றமின் சி தோடம்பழத்தை விடப் பல மடங்கு கூட. கறுத்தக்கொழும்பான் சீசனில முழுப் பழம் எண்டு அடம்பிடிப்பா, ரெண்டு துண்டு குடுத்துட்டு அண்டைக்குச் சோத்தைக் குறையுங்கோ. சாப்பிடேக்க மரக்கறியையும் மீனையும் முதல்ல சாப்பிட்டு, சோத்தைக் கடைசியில எடுத்தா சீனி ஏறுறது கொஞ்சம் மெதுவா இருக்கும்.

மல்ரிவிற்றமின் போட்டா இதெல்லாம் தேவையில்லைத்தானே?

நார்ச்சத்தும் புரதமும் குளிசைக்குள்ள இல்லை. விற்றமின் டி மட்டும் வேற கதை, சாப்பாட்டில காணாது, ஃபிளாட்டுக்கும் ஏசி ஒபிசுக்கும் இடையில வெயிலே படாமல் திரியிறவை சோதிச்சுப் பாக்கலாம்.

வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறம், கீரை, இளநீர் எல்லாம் கூட்டலாமோ?

கேட்டுட்டுக் கூட்டுங்கோ. ரத்தம் உறையாமல் வாஃபரின் போடுறவை கீரையைத் திடீரெண்டு கூட்டவும் கூடாது, விடவும் கூடாது. கீரையில இருக்கிற விற்றமின் கே மருந்தோட மல்லுக்கட்டும், ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவாச் சாப்பிடோணும். சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீர், வாழைப்பழம், கீரை இதுகளில இருக்கிற பொட்டாசியம் ஆபத்தாப் போகலாம், எவ்வளவு எண்டு கிளினிக்கில சொல்லுவினம். காமரங்காயும் (ஸ்டார் ஃப்ரூட்) பிலிங் காயும் (பிலிம்பி) சிறுநீரக வருத்தக்காரர் தொடவே கூடாது. சுகமா இருக்கிறவையும் "சுகருக்கு நல்லது" எண்டு ஆரோ வட்ஸ்அப்பில அனுப்பினதைப் பாத்துட்டு வெறும் வயித்தில அதுகளின்ர சாறைக் குடிக்காதேங்கோ, அதில இருக்கிற ஒக்சலேற் எண்ட சாமானால சிறுநீரகம் திடீரெண்டு பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் இந்த நாட்டில இருக்கினம்.